குரலுக்கு ஒன்பது மதிப்பெண்

ஐம்பத்தோரு வருடமாக நடக்கும் ஒரு மகளிர் கல்லூரியில் இதுவரை இருந்த ஏழு முதல்வர்களும் ஆண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால், "பெண்களுக்கு நிர்வாகம் வராதுங்க" என்று நிர்வாகக் குழு சிரித்துக்கொண்டே சொல்கிறது. உங்கள் மகளை அங்கே சேர்ப்பீர்களா?

மாட்டீர்கள். வாசலில் நின்று சண்டை போடுவீர்கள். அப்படியானால் இதையும் கேளுங்கள். காது கேளாத மாணவர்களுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. அதற்கும் வயது ஐம்பத்தொன்று. அங்கேயும் ஏழு முதல்வர்கள் வந்துபோனார்கள். ஏழு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். எட்டாவது முதல்வரைத் தேடிய லட்சணத்தைச் சொல்ல வேண்டுமானால், அங்கே கணக்கு நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

மாணவர்கள் அவரை 'சாக்பீஸ்' என்று கூப்பிடுகிறார்கள். வாயால் அல்ல. காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் சைகையிலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் சான்றிதழில் தூங்கும். சைகைப் பெயர்தான் ஆயுசு முழுக்கப் புழங்கும். கணக்கு தீராமல் இழுத்தால் கட்டைவிரலால் வலது புருவத்தைத் தேய்ப்பது இவர் பழக்கம். விரலில் இருக்கும் சாக்பீஸ் தூள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மதியத்துக்குள் ஒரு புருவம் மட்டும் நரைத்துவிடும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய முதல் வகுப்பு மாணவர்கள் தங்கள் புருவத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார்கள். பெயர் நின்றுவிட்டது. நாமும் அப்படியே சொல்வோம்.

சாக்பீஸுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. அப்பா பேருந்து நடத்துநர், அம்மா வீட்டிலேயே தையல். காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியின் பெரிய கொள்கை என்ன தெரியுமா? குழந்தைகள் கையை உபயோகிக்கக் கூடாது. தொடைக்கு அடியில் இரண்டு கையையும் வைத்து, அதன் மேலேயே உட்கார வேண்டும். கை வெளியே வந்தால் ஸ்கேல் அடி. வாய்க்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, "ப" சொல்லு, காகிதம் ஆட வேண்டும் என்பார் டீச்சர். காகிதம் ஆடும் வரை பாடம் கிடையாது.

இதைப் பற்றி சாக்பீஸ் தன் மாணவர்களிடம் சொல்வது இப்படி: "எட்டு வருஷத்துல 'பப்பாளி'ன்னு சொல்லக் கத்துக்கிட்டேன். அந்த எட்டு வருஷத்து வரலாறும் அறிவியலும் வேற யாரோ படிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்பவும் பப்பாளிக்காரர்கிட்டப் போய்ச் சொன்னா, 'என்னம்மா, பாப்பா காணோமா'ன்னு கேக்கறார்."

மாணவர்கள் சிரிப்பார்கள். நமக்குச் சிரிப்பு வரக் கூடாது. கேட்கிற காது உள்ளவர்கள் கூடி உட்கார்ந்து, கேளாத குழந்தைகளுக்கு எது நல்லது என்று முடிவு செய்ததன் விளைவு அது. அந்த அறையில் காது கேளாத பெரியவர் ஒரே ஒருவர் இருந்திருந்தால், "கையை விடுங்கய்யா" என்று முதல் நாளே சொல்லியிருப்பார்.

கணக்கைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது. மற்ற பாடங்களில் வாத்தியார் வாயில் பாதி, பலகையில் பாதி. கணக்கு மட்டும்தான் முழுக்கப் பலகைக்கு வந்து சேரும். கேட்கிறவர்கள் படிக்கும் சாதாரணக் கல்லூரியில் பட்டப்படிப்பு சேர்ந்தார். சைகை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். எழுதும்போதே அதில் உள்ள தப்பைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார்.

"நான் காதால கேட்டு எழுதினதை நீ கண்ணால பாத்துத் திருத்துறியேடி, உனக்கே இது அடுக்குமா?" என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள் அந்தத் தோழி.

"காது இருந்தா மட்டும் போதாது, கவனமும் வேணும்" என்று பதில் எழுதினார் சாக்பீஸ். வருட முடிவில் முதல் இடம் அவருக்குத்தான். மேற்படிப்பிலும், பிறகு முனைவர் பட்டத்திலும் எவரும் குறை சொல்ல முடியவில்லை.

வேலை என்று வந்தபோதுதான் வேடிக்கை. காது கேளாதோர் கல்லூரியில் ஆசிரியராகச் சேர உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "செவித்திறன் இல்லை, ஆசிரியப் பணிக்குத் தகுதியற்றவர்" என்று படிவத்தில் எழுதினார். சாக்பீஸ் தன் நோட்டை எடுத்து, "என் மாணவர்களுக்கும் கேட்காது" என்று எழுதிக் காட்டினார். மருத்துவர் படித்தார், தலையைச் சொறிந்தார், அதன் கீழேயே எழுதினார்: "நியாயம்தாம்மா. ஆனா படிவத்தில் அதுக்குக் கட்டம் இல்லையே."

ஒரு கட்டம் இல்லாததால் ஒன்பது வருடம் தற்காலிக ஆசிரியர். அந்தப் படிவத்தைத் திருத்தச் சொல்லி அவர் எழுதிய மனுக்கள் பதினான்கு. பதினைந்தாவது மனு போகும் முன் யாரோ ஒரு புண்ணியவான் கட்டம் போட்டார் என்று நினைக்காதீர்கள். தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு வாங்கினார்.

வகுப்பறையில் அவர் செய்த முதல் காரியம், வரிசையாகக் கிடந்த பெஞ்சுகளைப் பிறை வடிவில் திருப்பிப் போட்டது. வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவனின் முதுகுதான் தெரியும். பின்னால் இருப்பவன் கேட்ட கேள்வி கண்ணில் படாது. பிறையில் உட்கார்ந்தால் எல்லாக் கைகளும் எல்லாருக்கும் தெரியும். இதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் வேண்டாம், காது கேளாமல் இருந்தால் போதும். ஆனால் முப்பத்திரண்டு வருடமாக எவருக்கும் தோன்றவில்லை. கேட்கிற ஆசிரியர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். மாணவர்கள் அவர்கள் முதுகைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள். தோற்றால், "இந்தப் பிள்ளைங்களுக்கு அவ்வளவுதாங்க வரும்" என்று தீர்ப்பு.

கணக்குப் பாடத்துக்குச் சைகைச் சொற்கள் இல்லாமல் இருந்தன. ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாணவர்களோடு உட்கார்ந்து அறுநூற்று நாற்பது சைகைகளை உருவாக்கினார் சாக்பீஸ். இன்று தூரத்து ஊர்களில் உள்ள காது கேளாத மாணவர்கள் அந்தச் சைகைகளில்தான் கணக்குப் படிக்கிறார்கள்.

ஏழாவது முதல்வரையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். மூன்று சைகைகள் கற்றார்: 'வணக்கம்', 'உட்கார்', மூன்றாவது, உதட்டில் விரலை வைத்து 'சத்தம் போடாதே'. முந்நூற்றுப் பன்னிரண்டு காது கேளாத பிள்ளைகளைப் பார்த்து, பதினோரு வருடம், சத்தம் போடாதே! கால அட்டவணை, தேர்வு, ஆண்டறிக்கை, விடுதிப் பிரச்சினை எல்லாவற்றையும் கடைசி ஆறு வருடம் எழுதித் தந்தவர் சாக்பீஸ். முதல்வருடையது கையெழுத்து மட்டும்.

அவர் ஓய்வு பெற்றார். விளம்பரம் வந்தது. சாக்பீஸ் விண்ணப்பித்தார்.

அவர் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அவருக்கும் காது கேட்காது. "இரைச்சல் தாங்காம மத்தவங்க காதுல பஞ்சு வைக்கறாங்க, எனக்கு அந்த வேலையே இல்லை" என்பார். விண்ணப்பத்தை அவர்தான் மூன்று முறை பிழை பார்த்தார்.

"முதல்வர் ஆனதும் என்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் பேசணும்னு சொல்லிடாதே" என்று கையை ஆட்டினார்.

"இப்பவே கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, பழகிடும்" என்றார் சாக்பீஸ்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கூடவே ஒரு வரி: 'மொழிபெயர்ப்பாளரை விண்ணப்பதாரரே அழைத்துவர வேண்டும்.' காது கேளாதோர் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் சைகை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்ட வரி அது. அவர்களுக்கு வெட்கமாக இல்லை.

வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூட்டிப்போனார். கணவரின் தங்கை, அதே கல்லூரியில் ஆறு வருடமாக வணிகவியல் நடத்துகிறவள். காது கேட்கும். அண்ணனோடு வளர்ந்ததால் சைகை அவளுக்குத் தாய்மொழி மாதிரி.

"அண்ணி, நான் வந்தா சொந்தக்காரின்னு சொல்வாங்க."

"வேற யாரு இருக்கா? வாயை மட்டும் கூட்டிட்டு வா, கோபத்தை வீட்ல வச்சுட்டு வா."

ஐந்து பேர் கொண்ட குழு. பெரிய ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து வெயில் அடிக்க, ஐந்து முகங்களும் கரிக்கட்டையாகத் தெரிந்தன. திரையை மூடச் சொல்லி சாக்பீஸ் கேட்டார்.

"எங்களுக்குக் காத்து வேணுமேம்மா" என்றார் செயலாளர். அதையும் நாத்தனார் பக்கம் திரும்பித்தான் சொன்னார். அடுத்த நாற்பது நிமிடமும் ஐந்து பேரும் நாத்தனாரைப் பார்த்தே பேசினார்கள். எதிரே இருந்த விண்ணப்பதாரரை ஒருவரும் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கேட்டார்: "தீப்பிடிச்சு மணி அடிச்சா, முதல்வருக்கே கேக்கலைன்னா எப்படி?"

சாக்பீஸின் கைகள் வேகமாக நகர்ந்தன. நாத்தனார் குரலில் சொன்னாள்: "அங்க இருக்கற முந்நூத்துப் பன்னெண்டு பேருக்கும்தான் கேக்காது. கேக்காதவங்க இருக்கற இடத்துல மணியை மாட்டினது யாரு? மணிக்குப் பதிலா சிவப்பு விளக்கு வேணும்னு மூணு வருஷமா மனு கொடுத்திருக்கேன். உங்க மேசைலதான் இருக்கு."

பொறியாளர் தண்ணீர் குடித்தார்.

"மந்திரி போன் பண்ணா யாரு எடுப்பா?" என்று கேட்டார் செயலாளர்.

"இதுவரைக்கும் யாரு எடுத்தாங்களோ அதே கிளார்க்தான். ஆனா ஒரு மாணவன் அழுதுட்டு வந்தா? பதினோரு வருஷம் அவன் சொன்னதை யாரு புரிஞ்சுக்கிட்டா?"

இரண்டு வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் ஒரே வீட்டுக்கு வந்தன. சாக்பீஸுக்கு வந்ததில், 'தாங்கள் தகுதியானவராகக் காணப்படவில்லை' என்றிருந்தது. நாத்தனாருக்கு வந்ததில், மறு ஏற்பாடு வரை 'பொறுப்பு முதல்வராக' நியமிக்கப்படுகிறார் என்றிருந்தது. அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

நம்ப முடியவில்லையா? மதிப்பெண் தாளின் நகலைக் கேட்டு சாக்பீஸ் மனு போட்டார். நாற்பது நாள் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். 'குரல் தெளிவு: பத்துக்கு ஒன்பது. பேச்சாற்றல்: பத்துக்கு ஒன்பது. குறிப்பு: கேட்க இனிமையாக இருந்தது.' அந்த நாற்பது நிமிடத்தில் சாக்பீஸ் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. ஐந்து படித்த பெரிய மனிதர்கள் நாத்தனாரின் தொண்டைக்கு மதிப்பெண் போட்டு, சாக்பீஸின் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறார்கள்! அதற்குக் கீழே: 'தலைமைப் பண்பு: பத்துக்கு இரண்டு. மற்றவரைச் சார்ந்திருக்கிறார்.'

சிந்தித்தவர் ஒருவர், ஒலித்தவர் ஒருவர். ஒலித்தவருக்குப் பதவி. வானொலிப் பெட்டிக்கு மாலை போடுகிற புத்தி இது. சைகை தெரியாதது குழுவின் குறை. அந்தக் குறைக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் வந்தார். தங்கள் ஊன்றுகோலை எதிராளி கையில் திணித்துவிட்டு, 'நீ நொண்டி' என்கிறார்கள்.

மதிப்பெண் தாள் வரும் முன்பே, இந்த நியமனக் கடிதத்தால் வீடு இரண்டுபட்டது. மாமியார்தான் தொடங்கினார். "பதவி எப்படியும் நம்ம வீட்டுக்குள்ளதானே வந்திருக்கு? யாரு உக்காந்தா என்ன?"

நாத்தனார் அதைச் சைகையில் அண்ணிக்குச் சொல்லக் கூசினாள். சாக்பீஸ் மாமியாரின் உதட்டிலேயே படித்துவிட்டார். கையை மெதுவாக நகர்த்தினார்: "யாரு உக்காந்தாலும் ஒண்ணுன்னா, நான் உக்காந்தா என்ன அத்தை?"

மாமியார் அடுக்களைக்குப் போய்விட்டார். நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நாத்தனார் எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தாள். "அண்ணி, இதை வேண்டாம்னு எப்படி எழுதணும்? மரியாதையா எழுதவா, உள்ளதை எழுதவா?"

"உன் ஆறு வருஷ வேலைக்கு ஆபத்து வரும். நல்லா யோசிச்சுக்கோ."

"நீங்க யோசிச்சதைப் பேசினதுக்கே எனக்கு முதல்வர் பதவி. நானே யோசிச்சா மந்திரி ஆக்கிட மாட்டாங்களா?"

மரியாதையாகவும் எழுதினாள், உள்ளதையும் எழுதினாள். நியமனம் வேண்டாம், அந்த இடத்துக்கு உரியவர் அதே வீட்டில் இருக்கிறார், சைகை தெரிந்தவர்கள் கொண்ட குழுவை வைத்து மறுபடி நேர்காணல் நடத்துங்கள் என்று. பதினைந்து நாளில் அவளுக்கு 'ஒழுங்கு மீறல்' என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இன்னும் அது நிலுவையில் இருக்கிறது.

குழு அசரவில்லை. வெளியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைக் கொண்டுவந்தது. பிள்ளைகளோடு ஒரு நாளும் பழகியிராதவர். அறிமுகக் கூட்டத்துக்கு மாணவர்கள் அனைவரும் அரங்குக்கு வரவழைக்கப்பட்டார்கள். செயலாளர் மேடையேறினார். மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை. நாத்தனார் மறுத்துவிட்டாள், வேறு ஆளைத் தேட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கி மட்டும் மூன்று வைத்திருந்தார்கள்.

செயலாளர் பேசத் தொடங்கியதும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கேட்கிறவர்களுக்கு இது புரியாது. காது கேளாதவர் ஒருவர் உங்கள் எதிரே கண்ணை மூடினால், உங்கள் முகத்தில் கதவைச் சாத்திவிட்டார் என்று பொருள். அதைவிடக் கடுமையான வார்த்தை அவர்கள் மொழியில் இல்லை. செயலாளருக்கு அது தெரியவில்லை. நாலு நிமிடம் உற்சாகமாகப் பேசினார். பிறகு சந்தேகம் வந்து, பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம் குனிந்து கேட்டார்: "என்னய்யா, எல்லாரும் தியானம் பண்றாங்களா?" ஒலிபெருக்கி அணைக்கப்படாமல் இருந்தது. அதைக் கேட்கக் காது இருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

"இல்லைங்க. உங்க பேச்சைக் கேக்க மாட்டோம்னு சொல்றாங்க" என்றார் கிளார்க். இருபது வருடம் அங்கே வேலை பார்த்தவர், அவருக்குத் தெரிந்திருந்தது.

சாக்பீஸ் சுவரோரம் நின்றிருந்தார். பிள்ளைகளை அவர் தூண்டிவிட்டதாகக் குழு சொல்கிறது. அவர் தூண்டவில்லை. அவருக்கு முன்கூட்டித் தெரியவும் தெரியாது. அன்று கண்ணை மூடாமல் நின்றவர்களில் அவரும் ஒருவர். அழுதுகொண்டிருந்ததால், கண் திறந்திருந்தும் அவருக்கு மேடை தெரியவில்லை.

அதிகாரியின் நியமனம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. 'பரிசீலனை' என்கிறார்கள். நாற்காலி காலி. ஆண்டறிக்கையை இந்த வருடமும் சாக்பீஸ்தான் எழுதுகிறார். கையெழுத்துக்கான இடத்தை வெற்றாக விட்டு அனுப்புகிறார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஏழு வருடம். குழு எதற்குக் காத்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆறப்போட்டால் ஆறிவிடும் என்று நம்புகிறார்கள்.

ஆற விடாதீர்கள். காது கேளாதோருக்கான பள்ளியோ கல்லூரியோ விடுதியோ உங்கள் ஊரிலும் இருக்கும். இந்த வாரமே அங்கே போங்கள். நிர்வாகக் குழுவில் எத்தனை பேர், அவர்களில் காது கேளாதவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பூஜ்யம் என்று எழுதித் தந்தால், அதே தாளின் கீழே எழுதுங்கள்: 'அடுத்து காலியாகும் தலைமைப் பொறுப்புக்குக் காது கேளாதவர்களை அழையுங்கள். சைகை தெரிந்தவர்களை வைத்துத் தேர்வு நடத்துங்கள். விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.' உங்கள் பெயரையும் முகவரியையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.